பக்கத்து மனை

ஒரு காலி மனையில் வசதியுள்ளவர்களும் இல்லாதவர்களும் சேர்ந்து குடியிருக்கும்படி வீடுகள் வரப்போகின்றன என்று தெரிந்ததும் சுற்றியிருப்பவர்கள் கூட்டம் கூடுகிறார்கள். எந்த ஊரானாலும் அங்கே எழும் கேள்விகள் அநேகமாக ஒன்றுதான். தண்ணீர் போதுமா, சாக்கடை தாங்குமா, தெருவில் வண்டிகள் பெருகாதா, திருட்டு வராதா, நம் வீட்டின் விலை இறங்கிவிடாதா. திட்டத்தின் தரப்பில் ஒருவர் எழுந்து ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்கிறார். விலை இறங்காது, திருட்டு கூடாது என்று புள்ளிவிவரம் காட்டுகிறார். கூட்டம் அரைகுறைச் சமாதானத்துடன் கலைகிறது. நாகரிகமான காரியம்தான். ஆனால் இந்தச் சமாதானத்துக்காக எது விட்டுக்கொடுக்கப்பட்டது என்பதை யோசிக்க வேண்டும். வரப்போகிறவனால் யாருக்கும் ஒரு பைசா நஷ்டமில்லை என்று நிரூபித்த பிறகே அவன் குடிவரலாம் என்பதை இரு தரப்பும் பேசாமல் ஒப்புக்கொண்டுவிட்டன. இந்த ஒப்புதல் தார்மீகமாகச் செல்லுமா என்பதுதான் என் கேள்வி.

இந்தச் சர்ச்சையின் முழு வரலாறும் பதிவாகியிருக்கும் ஓர் இடம் அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலத்தின் மௌண்ட் லாரல். ஃபிலடெல்ஃபியாவுக்கு அருகே விவசாய நிலமாக இருந்து புறநகராக மாறிய ஊர். கறுப்பினக் குடும்பங்கள் அங்கே பல தலைமுறைகளாக இருந்துவந்தன. எதெல் லாரன்ஸ் என்ற பெண்மணி ஆறாவது தலைமுறைக்காரர். நில மதிப்பு ஏற ஏற, அந்தக் குடும்பங்கள் வாழ்ந்த பழைய வீடுகள் - சில, கோழிக் கொட்டகைகளை மாற்றியமைத்தவை - வசிக்கத் தகுதியற்றவை என்று நகராட்சி தீர்மானிக்கத் தொடங்கியது. அவர்கள் சேர்ந்து 36 எளிய அடுக்கு வீடுகள் கட்ட அனுமதி கேட்டார்கள். அங்கிருந்த மண்டல விதிகள் தனி வீடுகளுக்கு மட்டுமே இடமளித்தன. அனுமதி இல்லை. 1970இல் அந்த மக்களின் தேவாலயத்துக்கே வந்த மேயர், இங்கே வாழக் கட்டுப்படியாகாதவர்கள் ஊரைவிட்டுப் போக வேண்டியதுதான் என்ற பொருளில் பேசிவிட்டுப் போனார்.

கவனிக்க வேண்டியது, இங்கே யார் பழையவர், யார் புதியவர் என்பது. பின்னால் குடிவந்தவர்கள் 'அண்டை வீட்டார்' ஆனார்கள். முன்பே இருந்தவர்கள் 'வரப்போகிறவர்கள்' ஆனார்கள். ஊரில் உள்ளவன் என்ற அந்தஸ்தைக் காலம் தீர்மானிக்கவில்லை, மனையின் அளவு தீர்மானித்தது.

வழக்கு நடந்தது. வளர்ந்துவரும் ஒரு நகராட்சி, எளிய வருமானக்காரர்கள் குடியிருக்கவே முடியாதபடி தன் நில விதிகளை வகுக்கக் கூடாது. அந்தப் பிராந்தியத்தின் தேவையில் தன் பங்கை ஏற்க வேண்டும் என்று மாநில உச்ச நீதிமன்றம் 1975இல் தீர்ப்பளித்தது. நகராட்சிகள் அசையவில்லை. 1983இல் அதே நீதிமன்றம் இன்னும் கடுமையாகப் பேசியது. குடியிருப்பில் கணிசமான பங்கை எளியோருக்கு ஒதுக்க முன்வரும் கட்டிட நிறுவனம், அனுமதி மறுக்கப்பட்டால் நீதிமன்றத்தின் மூலமே அதைப் பெற வழி செய்தது. எதெல் லாரன்ஸ் 1994இல் காலமானார். அவர் பெயரிலான வீடுகளில் 2000இல்தான் ஆட்கள் குடிவந்தார்கள். பிறகு அவை 140 வீடுகளாயின. அந்த வட்டாரத்தின் இடைநிலை வருமானத்தில் 10 சதவிகிதம் பெறுபவரிலிருந்து 80 சதவிகிதம் பெறுபவர் வரை அங்கே இருக்கிறார்கள்.

சமூகவியலாளர் டக்ளஸ் மாஸியும் உடன் ஆய்வாளர்களும் இதன் விளைவுகளை ஆராய்ந்து 2013இல் ஒரு நூல் வெளியிட்டார்கள். வீட்டு விலை, குற்றம், வரி ஆகிய மூன்றிலும், ஒத்த பக்கத்து ஊர்களோடு ஒப்பிட்டபோது, அந்த வீடுகளால் பாதகம் எதுவும் தென்படவில்லை. அண்டையில் வசித்தவர்களில் பலருக்கு அப்படி ஒரு குடியிருப்பு இருப்பதே தெரிந்திருக்கவில்லை. முப்பது வருஷ அச்சம் கடைசியில் யார் கண்ணிலும் படாத ஒன்றாக முடிந்தது.

நல்ல செய்திதான். இனி எங்கே கூட்டம் நடந்தாலும் எடுத்துக்காட்டலாம். ஆனால் ஒன்றை நினைத்துப் பார்ப்போம். மாஸியின் ஆய்வு வேறுவிதமாக முடிந்திருந்தால்? வீட்டு விலை நூற்றுக்கு ஐந்து குறைந்திருந்தால்? எதெல் லாரன்ஸின் உரிமையும் நூற்றுக்கு ஐந்து குறைந்துவிடுமா? குறையாது என்றால் அந்த உரிமை இந்தப் புள்ளிவிவரத்தின் மேல் நிற்கவில்லை. குறையும் என்றால் அது முதலிலிருந்தே உரிமையாக இல்லை, அண்டை வீட்டார் தரும் சலுகை. புள்ளிவிவரத்தை மட்டும் நம்பி வாதாடுகிறவர் இந்த இரண்டாவது நிலையை, தான் அறியாமலே, ஏற்றுக்கொண்டவராகிறார். அடுத்த ஊரில் பாதகமான ஒரு கணக்கு கிடைத்தால் பேச அவரிடம் எதுவும் மிஞ்சாது.

இதனால் அண்டை வீட்டாரின் அச்சத்தை அற்பம் என்று தள்ளலாம் என்றாகாது. முற்போக்காளர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு அது. ஒரு குடும்பத்தின் ஆயுட்கால உழைப்பு முழுவதும் ஒரே வீட்டில் முடங்கிக் கிடக்கும்போது அதன் விலை பற்றிய பயம் வெறும் துவேஷமாக இருக்க வேண்டியதில்லை. அமெரிக்காவில் பள்ளிக்கூடச் செலவில் கணிசமான பகுதி உள்ளூர்ச் சொத்துவரியிலிருந்து வருகிறது. அங்கே விலை இறங்குவதென்றால் பிள்ளைகளின் வகுப்பறையும் இறங்குவதாக அவன் கணக்குப் போடுகிறான். அந்தக் கணக்கை அவன் கையில் கொடுத்தது ஓர் அமைப்பு. ஆனால் அமைப்பின் மேல் பாய வேண்டிய கோபம், கைக்கெட்டும் தூரத்தில் இருப்பவன் மேல் பாய்கிறது.

அச்சங்களை ஒருவர் தாமே பரிசோதித்துக்கொள்ள எளிய வழி உண்டு. அதே மனையில் அதே எண்ணிக்கையில் பணக்கார வீடுகள் வருவதாக வைத்துக்கொள்வோம். அப்போதும் இதே ஆட்சேபம் எழுமா? தண்ணீரும் சாக்கடையும் வண்டியும்தான் கவலை என்றால் எழ வேண்டும், சொல்லப்போனால் கூடுதலாக எழ வேண்டும். இரண்டு கார் உள்ள வீடு தெருவை அதிகம் அடைக்கும். அப்படி எழும் கவலை மெய்யானது. அதற்கு நகராட்சி பதில் சொல்லியாக வேண்டும், குழாய் போட வேண்டும், சாலையை அகலப்படுத்த வேண்டும். பணக்கார வீடுகள் என்றதும் தண்ணீர்க் கவலை மறைந்துபோகுமானால் அது தண்ணீரைப் பற்றியதாக இருக்கவில்லை. இன்னொரு அடையாளமும் உண்டு. மெய்யான கவலை, எது கிடைத்தால் தான் தீரும் என்று சொல்லும். மற்றது, ஒரு பதில் கிடைத்ததும் வேறு கேள்வியாக வேஷம் மாற்றிக்கொண்டு வரும்.

விலைக் கவலை இந்தச் சோதனையில் தப்பிவிடும். பணக்கார வீடுகளால் விலை இறங்காது என்பது உண்மைதானே. அங்கே வேறொன்று கேட்க வேண்டும். மனை வாங்கியவன் எதை வாங்கினான்? தன் வேலிக்குள் இருக்கும் மண்ணை. வேலிக்கு அப்பால் யார் குடியிருப்பார்கள் என்பது கிரயப் பத்திரத்தில் இல்லை. விலையில் அது கலந்திருந்தது என்றால், இன்னார் வரமாட்டார்கள் என்ற எதிர்பார்ப்புக்கும் சேர்த்துப் பணம் கொடுத்திருக்கிறான் என்று பொருள். அந்த எதிர்பார்ப்பை அவனுக்கு விற்க யாருக்கும் உரிமை இருந்ததில்லை. நஷ்டம் மெய்யாகவே வந்தால் அதை ஒரு தெருவின் தலையில் மட்டும் கட்டாமல் ஊர் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்று கேட்பது நியாயம். நஷ்டம் வரும், ஆகவே அவன் வரக்கூடாது என்பது நியாயமில்லை.

தன் பங்கைக் காசு கொடுத்துக் கழித்துவிடும் வழியையும் நியூ ஜெர்சி கண்டுபிடித்தது. 1985இல் வந்த சட்டம், ஒரு நகராட்சி தன் பங்கில் பாதி வரை வேறொரு நகராட்சிக்குப் பணம் கொடுத்து மாற்றிவிட இடமளித்தது. வசதியான புறநகர்கள் பணத்தை அனுப்பின. வீடுகள், ஏற்கெனவே ஏழைகள் நிறைந்த நகரங்களில் எழுந்தன. வீடு என்ற கணக்கில் பார்த்தால் குறையில்லை, எங்கோ ஒருவருக்குக் கூரை கிடைத்தது. பக்கத்தில் இருக்கும் உரிமை மட்டும் விற்றுப்போயிற்று. 2008இல் அந்த ஏற்பாடு ரத்து செய்யப்பட்டது.

அதே 2008இல்தான் சென்னையின் இரண்டாவது முழுமைத் திட்டம் நடைமுறைக்கு வந்தது. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைகளில் பெரிய குடியிருப்புகள் எழுப்புவோர் பத்தில் ஒரு பங்கைச் சிறிய வீடுகளுக்குத் தர வேண்டும் என்றன அதன் விதிகள். கூடவே ஒரு கதவையும் திறந்துவைத்தன: அந்த வீடுகள் அதே மனையில் இருக்கலாம், 2 கிலோமீட்டர் சுற்றளவுக்குள் வேறிடத்திலும் இருக்கலாம். மௌண்ட் லாரலைப் படிக்கும் தமிழனுக்கு இந்த 2 கிலோமீட்டர் புதிதாக இருக்காது. ஊர் என்ற சொல்லுக்குள் சேரி அடங்காத ஒரு மொழியில் நாம் பேசிக்கொண்டிருக்கிறோம். அங்கே நிறம் செய்ததை இங்கே சாதி வெகுகாலமாகவே, மண்டல விதிகள் எதுவும் எழுதாமல், செய்துவந்திருக்கிறது. நகரத்திலிருந்து பெயர்த்தெடுக்கப்பட்டவர்களைக் கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும் அடுக்கியபோது வீடுகளின் எண்ணிக்கை சொல்லப்பட்டது, அண்டை வீட்டான் யார் என்ற கேள்வி எழவே இல்லை. அங்கே கூட்டம் போட்டு ஆட்சேபிக்கக்கூட அவசியம் நேராதபடி முன்கூட்டியே ஏற்பாடு செய்யப்பட்டிருந்தது.

ஆகவே, கூட்டத்தில் எழுந்து பதில் சொல்கிறவர் பதில் சொல்லட்டும். குழாயின் அளவையும் சாலையின் அகலத்தையும் பொறுமையாக விளக்கட்டும், மாஸியின் கணக்கையும் காட்டட்டும். ஆனால் அதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: இந்தப் பதில்கள், அவர்கள் வரலாமா என்பதற்கு அல்ல, வந்த பிறகு எல்லோரும் எப்படிச் சேர்ந்து இருப்பது என்பதற்கு. இதைச் சொன்னால் கூட்டத்தில் சிலர் எழுந்து போய்விடக்கூடும். சொல்லாமல் விட்டால், யாரைப் பற்றி அத்தனை நேரமும் பேசினார்களோ அவர்கள், கடைசி வரிசையில் உட்கார்ந்து, தங்களால் ஆபத்தில்லை என்ற நற்சான்றிதழுக்காகக் காத்திருக்க நேரும். மௌண்ட் லாரலில் அவர்கள் முப்பது வருஷம் காத்திருந்தார்கள்.