அம்மா வராத பக்கங்கள்

சிறுவர்களுக்கு மாயக்கதை எழுத உட்காருகிறவருக்கு முதல் அத்தியாயத்திலேயே ஒரு வேலை காத்திருக்கிறது. பிள்ளையின் அப்பா அம்மாவை எப்படியாவது கதையை விட்டுக் கிளப்பியாக வேண்டும். ரோல்ட் டால் இதற்கெல்லாம் நேரம் செலவழிப்பதில்லை. 1961-இல் வந்த ‘ஜேம்ஸ் அண்ட் த ஜயண்ட் பீச்’ நாவலில், லண்டன் மிருகக்காட்சி சாலையிலிருந்து தப்பிய காண்டாமிருகம் ஒன்று பட்டப்பகலில், ஆள் நடமாட்டமுள்ள தெருவில், ஜேம்ஸின் பெற்றோரை 35 நொடியில் தின்று தீர்த்துவிடுகிறது. காண்டாமிருகம் புல் தின்கிற பிராணி ஆயிற்றே என்று நாம் யோசிப்பதற்குள் பையன் அத்தைகள் வீட்டில் ஏச்சு வாங்க ஆரம்பித்துவிடுகிறான்.

“இந்த மாதிரி புக் எல்லாத்துலயும் ஏம்மா அம்மாவே வர மாட்டேங்குறாங்க?” என்று என் மகள் கேட்டாள். அவளுக்கு வயது பத்து. நான் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். “வந்தா என்ன சொல்வாங்க? சூனியக்காரி வீட்டுக்கெல்லாம் போகக் கூடாது, வா, வந்து தலையை வாரிக்கோன்னு சொல்வாங்க. கதை அங்கேயே முடிஞ்சுடும்” என்றேன். சிரித்துவிட்டு அவள் தட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். என்னைத்தான் அது லேசில் விடவில்லை.

காண்டாமிருகத்தை ஏவிவிட எல்லா எழுத்தாளருக்கும் மனம் வருவதில்லை. நம்பும்படியான காரணம் ஒன்றைத் தேடுகிறார்கள். அந்தக் காரணத்தை மட்டும் பார்த்தாலே அந்தக் காலத்து வீடு எப்படி இருந்தது என்று தெரிந்துவிடும். ஈ. நெஸ்பிட் 1902-இல் எழுதிய ‘ஃபைவ் சில்ட்ரன் அண்ட் இட்’டில் அப்பா தொழில் விஷயமாக வெளியூர் போகிறார், அம்மா, உடம்பு சரியில்லாத பாட்டியைப் பார்த்துக்கொள்ளக் கிளம்பிவிடுகிறாள். ஆக்கிப் போட வேலைக்காரர்கள் இருந்த குடும்பம். பிள்ளைகளை விட்டுப் போவது அங்கே பெரிய விஷயமே இல்லை. சரளைக்கல் பள்ளத்தில் தோண்டும்போது பிள்ளைகளுக்கு மணல் தேவதை ஒன்று கிடைக்கிறது. நாளுக்கு ஒரு வரம், அதுவும் பொழுது சாயும் மட்டும். அந்தப் பிள்ளைகள் அதனிடம் கூடுதலாகக் கேட்டு வாங்கிக்கொள்வது என்ன தெரியுமா? தங்களுக்கு என்ன கிடைத்தாலும் அது வேலைக்காரர்கள் கண்ணில் படக் கூடாது. பெரியவர்கள் பார்வையிலிருந்து தப்புவதே தனியாக ஒரு வரம் என்று நெஸ்பிட்டுக்கு அப்போதே தெரிந்திருக்கிறது.

சி. எஸ். லூயிஸுக்குக் காரணம் தேடும் சிரமம் இருக்கவில்லை. 1950-இல் வந்த அவருடைய முதல் நார்னியா கதையில் நான்கு பிள்ளைகளை லண்டன் வீட்டிலிருந்து கிளப்பியது இரண்டாம் உலகப் போரின் குண்டுவீச்சு. 1939 செப்டம்பர் தொடக்கத்தில், மூன்றே நாளில், பிரிட்டனின் நகரங்களிலிருந்து சுமார் 15 லட்சம் பேரை அரசு பாதுகாப்பான ஊர்களுக்கு அனுப்பியது. பாதிக்கு மேல் பள்ளிப் பிள்ளைகள், அப்பா அம்மா இல்லாமல். சட்டையில் பெயர்ச்சீட்டு, தோளில் நச்சுப்புகை முகமூடிப் பெட்டி. ஆக்ஸ்போர்டுக்கு வெளியே இருந்த லூயிஸின் வீட்டிலும் அப்படிச் சிலர் வந்து தங்கினார்கள். 1958-இல் ஃபிலிப்பா பியர்ஸ் எழுதிய ‘டாம்ஸ் மிட்நைட் கார்டன்’ கதையில் வேலையை முடித்துவைப்பது தட்டம்மை. தம்பிக்கு அம்மை வார்த்ததால் டாமை சித்தி வீட்டுக்கு அனுப்புகிறார்கள். அங்கே ஹாலில் இருக்கும் பழைய கடிகாரம் நள்ளிரவில் 13 முறை அடிக்கிறது, பின்கதவுக்கு வெளியே இல்லாத தோட்டம் ஒன்று விரிகிறது. 1968-இல் பிரிட்டனில் தட்டம்மைக்குத் தடுப்பூசி போடத் தொடங்கினார்கள். அதன்பிறகு அந்தக் காரணமும் எழுத்தாளர் கையை விட்டுப் போயிற்று.

இப்போது எழுதுகிறவர் பாடு இன்னும் மோசம். அம்மாவை எந்த ஊருக்கு அனுப்பினாலும் பிள்ளையின் பையில் போன் அடிக்கும். ஆகவே முதலில் ஒழிக்க வேண்டியது போன். ஹாரி பாட்டரின் பள்ளியில் மந்திரம் அடர்த்தியாக இருப்பதால் மின்சாரக் கருவி எதுவும் வேலை செய்யாது. ரிக் ரியோர்டன் 2005-இல் தொடங்கிய பெர்சி ஜாக்ஸன் வரிசையில் தேவர்களுக்குப் பிறந்த பிள்ளைகள் போனைத் தொடக் கூடாது. தொட்டால் சுற்றுவட்டார அரக்கர்களுக்கெல்லாம் இவர்கள் இருக்கும் இடம் தெரிந்துவிடும். புத்திசாலித்தனமான ஏற்பாடு. போனை எடுத்தால் உண்மையில் யாருக்கு இருப்பிடம் தெரியும் என்பதைப் படிக்கிற பிள்ளைகள் புரிந்துகொண்டிருப்பார்கள்.

இதெல்லாம் வெள்ளைக்காரர்களின் வழக்கம் என்று தள்ளிவிடவும் முடியவில்லை. நம் புராணத்தில் துருவன் தவம் செய்யக் காட்டுக்குப் போனபோது அவனுக்கு ஐந்து வயது. போகச் சொன்னதே பெற்ற தாய் சுநீதி. உபநிடதத்தில் வரும் நசிகேதனை அவன் அப்பா கோபத்தில் எமனுக்குக் கொடுத்துவிட்டார். பையன் எமலோகத்து வாசலில் மூன்று ராத்திரி பட்டினி கிடந்து, எமனையே மடக்கி மடக்கிக் கேள்வி கேட்டான். இந்தக் கதைகளைச் சொல்லி வளர்த்த பாட்டிதான் பேரனை மாடிப்படி இறங்கவிடாமல் பின்னாலேயே ஓடுகிறார்.

நீல் கெய்மன் 2002-இல் எழுதிய ‘கோரலைன்’ வேறு வழியில் போகிறது. அதில் அம்மா அப்பாவை எங்கும் அனுப்பவில்லை. இருவரும் வீட்டில்தான் இருக்கிறார்கள், கம்ப்யூட்டர் முன்னால். பொழுதுபோகாத பெண், அப்புறம் வா என்கிற அப்பா, பள்ளிக்குப் பளபளக்கும் பச்சைக் கையுறை கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுகிற அம்மா. நம் வீட்டைப் பார்த்து எழுதியது மாதிரியே இருக்கும். அந்த வீட்டில் செங்கல் வைத்து அடைத்த கதவு ஒன்று ஒருநாள் திறந்துகொள்கிறது. அந்தப் பக்கமும் அதே வீடு; அங்கே இன்னொரு அம்மா. அவளுக்கு எப்போதும் நேரம் இருக்கிறது. பிரமாதமாகச் சமைக்கிறாள், உன்னையே நினைத்துக்கொண்டிருந்தேன் என்கிறாள். கண் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் கறுப்புப் பொத்தான். இங்கேயே இருந்துவிட வேண்டுமானால் உனக்கும் பொத்தான் தைத்துக்கொள்ள வேண்டும் என்று ஊசி நூலைத் தட்டில் வைத்து நீட்டுகிறாள்.

முதல்முறை படித்தபோது எனக்குப் பொத்தான் கண்தான் பயமாக இருந்தது. மறுபடி படித்தபோது வேறோர் இடம் உறுத்தியது. கோரலைன் அந்த வீட்டை விட்டு வெளியே நடக்கிறாள். போகப் போக மரங்கள் ஒப்புக்கு வரைந்து வைத்தவை போல ஆகி, மூடுபனியாகி, கடைசியில் எதிரே வருவது கிளம்பின அதே வீடு. பிள்ளைமேல் வைத்த கண்ணை எடுக்காத அந்த அம்மா உண்டாக்கிய உலகம் அவ்வளவுதான். வீட்டுக்கு அப்பால் எதையும் அவள் செய்து வைக்கவில்லை. அந்த இன்னொரு அம்மா பெற்றோரைப் பிடித்துக்கொண்டு போனபின் வீட்டில் தனியாக இருந்து, பிறகு தன் சொந்த அம்மா அப்பாவை மீட்கக் கோரலைன் திரும்பிப் போகிறாள். கையுறை வாங்கித் தராத அம்மாவைத்தான் அவள் மீட்கிறாள். மாயக்கதைகள் பெற்றோருக்கு எதிரானவை என்று யாராவது சொன்னால் இந்த நாவலைக் கொடுக்கலாம்.

மேடலின் லெங்கில் எழுதிய ‘எ ரிங்கிள் இன் டைம்’ 1962-இல் வெளிவந்தது. அதற்குமுன் இருபதுக்கும் மேற்பட்ட பதிப்பகங்கள் அதைத் திருப்பி அனுப்பியிருந்தன. வந்த மறு ஆண்டே அமெரிக்காவில் சிறுவர் இலக்கியத்துக்கான நியூபரி பதக்கம் வாங்கியது. காணாமல் போன விஞ்ஞானி அப்பாவைத் தேடி மெக் என்ற பெண்ணும் ஐந்து வயதுத் தம்பி சார்ல்ஸும் நண்பன் ஒருவனும் வேறொரு கிரகத்துக்குப் போகிறார்கள். அங்கே ஒரு தெரு. வரிசையாக ஒரே மாதிரி வீடுகள். வீட்டுக்கு வீடு வாசலில் ஒரு பிள்ளை பந்து தட்டிக்கொண்டிருக்கிறது. எல்லாப் பந்தும் ஒரே நொடியில் தரையைத் தொடுகின்றன, ஒரே நொடியில் எழும்புகின்றன. பிறகு எல்லா வாசலிலும் அம்மாக்கள் ஒன்றாக வந்து கை தட்டுகிறார்கள். பிள்ளைகள் ஒன்றாக உள்ளே போகிறார்கள். ஒரே ஒரு பையன் மட்டும் தாளம் தப்பிப் பந்தைத் தவறவிடுகிறான். அவன் அம்மா வெளிறிப்போய் அவனை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்துகிறாள். பந்தைத் திருப்பிக் கொடுக்கப் போனால், எங்கள் பிள்ளை பந்தைத் தவறவிடவே மாட்டான் என்கிறாள். அவளைக் கெட்டவள் என்று எனக்குத் தோன்றவில்லை. அவள் பயப்படுகிறாள், அவ்வளவுதான்.

இந்த நாவலில் அப்பா கிடைத்துவிடுகிறார். கிடைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று மெக் நம்பியிருந்தாள். ஆனால் அவரால் தன்னையும் பெண்ணையும் நண்பனையும்தான் காப்பாற்ற முடிகிறது; சார்ல்ஸ் அங்கேயே மாட்டிக்கொள்கிறான். மெக்குக்கு வருகிற கோபம் நியாயமில்லாத கோபம், ஆனால் நூற்றுக்கு நூறு உண்மையான கோபம்: அப்பாவாக இருந்துகொண்டு உன்னால் முடியவில்லையா? திரும்பிப் போக வேண்டியது அவள்தான். தம்பி கைக்குழந்தையாக இருந்தபோதே அப்பா போய்விட்டார், அவனை நன்றாக அறிந்தவள் அவள் ஒருத்தி. அப்பா முதலில் மறுக்கிறார். பிறகு அனுப்புகிறார். அந்த அனுப்புதலுக்காகவே இந்த நாவலைப் பெரியவர்களும் படிக்க வேண்டும். பெற்றோரைக் கதையை விட்டு அனுப்பிய எழுத்தாளர்கள் பலர். கதைக்குள்ளேயே நிற்க வைத்து, பிள்ளையின் கையை விட வைத்தவர் லெங்கில்.

நான் விட்டேனா என்று கேட்டால், ஒரு சார்ட் பேப்பர் அளவுக்கு. எங்கள் தெருமுனையில் உள்ள அண்ணாச்சி கடைக்குத் தனியாகப் போய் வருகிறேன் என்று மகள் கொஞ்ச நாளாகக் கேட்டுக்கொண்டே இருந்தாள். நடைபாதை கிடையாது, இருக்கிற கொஞ்ச இடத்தில் பைக் நிற்கும், தண்ணீர் லாரிகள் திருப்பத்தில் ஹாரன்கூட அடிக்காமல் வரும். அந்தக் காலத்தில் நாங்கள் எங்கெல்லாம் சுற்றினோம் தெரியுமா என்று பெருமை பேசுகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. அந்தக் காலத்துத் தெருவில் இத்தனை வண்டி இல்லை. இருந்தாலும் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் சார்ட் பேப்பர் வாங்கக் காசைக் கையில் கொடுத்து அனுப்பினேன்.

அவள் கடையை எட்டியிருக்க மாட்டாள், எனக்குப் போன். எதிர் பிளாக் அக்கா. “என்னங்க, பாப்பா தனியாப் போகுது, தெரியுமா? சொல்லியிருந்தா நானே வாங்கிட்டு வந்திருப்பேனே.” நல்ல மனசு. அடுத்தது கீழ்வீட்டு மாமா. வாட்ச்மேன் அண்ணன் தெருமுனைவரை பின்னாலேயே போய் நின்றதாக அவரே வந்து சொன்னார். மகள் சார்ட் பேப்பரைச் சுருட்டிக்கொண்டு திரும்பினாள், மீதிச் சில்லறையோடும் கோபத்தோடும். “அண்ணாச்சிகூட அம்மா வரலையான்னு கேக்குறார். வழியில மூணு பேர் கேட்டாங்க. நான் என்ன தொலைஞ்சா போயிட்டேன்?”

இவ்வளவு பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது எனக்கு ஆறுதல். அவளுக்கு அதுவே எரிச்சல். ரெண்டும் நியாயம்தான். அம்மாவாகிய நான் கையை விட்டால் மட்டும் போதாது என்பதும் அன்றைக்குத்தான் உறைத்தது. நான் விட்ட கையை ஊர் முழுக்கப் பிடித்துக்கொள்கிறது. யாராவது ஏதாவது சொல்வார்களே என்ற பயத்திலேயே பிள்ளையை அனுப்பாமல் இருக்கிற அம்மாக்கள் எனக்குத் தெரிந்தே பலர்.

லூயிஸின் கதையில் அந்த நான்கு பிள்ளைகள் தங்கியிருக்கும் வீட்டுக்கார முதியவரை எனக்கு ரொம்பப் பிடிக்கும். அலமாரிக்குள் நார்னியா என்று ஒரு நாடு இருக்கிறது என்று கடைக்குட்டி லூசி சொல்கிறாள். மூத்த பிள்ளைகள் இருவரும் தங்கைக்குப் புத்தி பிசகிவிட்டதோ என்று பயந்து அவரிடம் போகிறார்கள். அவர் போலீஸைக் கூப்பிடவில்லை, அம்மாவுக்குக் கடிதம் எழுதவில்லை. அவள் பொய் சொல்கிற பெண்ணா என்று கேட்கிறார். இல்லை. பைத்தியமா? பார்த்தால் அப்படித் தெரியவில்லை. அப்படியானால் உண்மையாக இருக்கலாமே என்கிறார். பிறகு, ஆளாளுக்கு அவரவர் வேலையைப் பார்த்தால் என்ன என்று யோசனை சொல்கிறார். பிள்ளைகள் நார்னியாவில் பல ஆண்டு அரசாண்டுவிட்டு, இங்கே ஒரு நிமிஷம்கூட ஆகாத நேரத்தில் திரும்பி வந்து, அலமாரியிலிருந்து எடுத்துப் போன நான்கு கோட்டுகளைத் தொலைத்துவிட்டோம் என்று ஒப்புக்கொள்ளும்போதும் அவர் நம்புகிறார். வீட்டில் ஒரு பெரியவர் இருந்தார், கூப்பிட்ட குரலுக்கு வந்தார், கூப்பிடாதபோது வரவில்லை.

எங்கள் தெருவுக்கு அப்படி நாலு பேர் கிடைத்தால் போதும். உங்கள் தெருவிலும் ஏதாவது ஒரு சாயங்காலம் பத்து வயதுப் பிள்ளை ஒன்று கையில் காசை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தனியாகக் கடைக்குப் போகும். வண்டியில் போகிறவராக இருந்தால் வேகத்தைக் குறையுங்கள். வாசலில் நிற்கிறவராக இருந்தால் அது தெருவைக் கடக்கும்வரை ஒரு கண் வையுங்கள். வைத்தது அதற்குத் தெரிய வேண்டாம். கடைக்காரராக இருந்தால் என்ன வேண்டும் என்று மட்டும் கேளுங்கள். வீட்டுக்குப் போன் போட வேண்டாம். அதன் அம்மாவுக்குத் தெரியும்.