எழுதாச் சட்டம்

அநீதிக்கு ஆணை வேண்டுமா? எழுதிய சட்டம் கொடிதாயின் அதனைச் சுட்டிக் காட்டலாம், மாற்றுமாறு கோரலாம். எவரும் எழுதாது எல்லோரும் கைக்கொள்ளும் வழக்கத்தைப் பற்றி யாரிடம் சென்று முறையிடுவது? அமெரிக்கப் பந்தாட்டக்காரர் ஒருவரின் வாழ்வு இவ்வினாவை நம்முன் வைக்கின்றது.

மோசஸ் பிளீட்வுட் வாக்கர் 1856-ஆம் ஆண்டு ஒஹாயோவிற் பிறந்த கறுப்பினத்தவர். ஓபர்லின் கல்லூரியிலும் மிச்சிகன் சர்வகலாசாலையிலும் பயின்றவர். பேஸ்பால் ஆட்டத்தில், மட்டை ஏந்துவோன் பின்னே நின்று பந்தைப் பிடிப்பதும், எவ்வாறு எறிக என்று எறிவோனுக்குக் குறி காட்டுவதும் அவர் பணி.

1883-இல் டொலீடோ நகருக்கு வந்த சிக்காகோ அணித் தலைவர் ஆன்ஸன், வாக்கர் ஆடினால் தம் அணி ஆடாது என்றார். கை நொந்து அன்று ஓய்ந்திருக்க வேண்டிய வாக்கரை, டொலீடோ அணியின் நிருவாகி மார்ட்டன் வேண்டுமென்றே களத்தில் இறக்கினார். ஆடாவிடில் வசூலிற் பங்கில்லை என்றதும் ஆன்ஸன் ஆடினார். கொள்கை எனப்பட்டது காசின் முன் நிற்கவில்லை!

1884-இல் அவ்வணி உயர்தரப் பந்தயத்திற் சேர்ந்தது. வாக்கர் ஆடியவை 42 ஆட்டங்கள், அவ்வளவே. அவருக்குப் பந்தெறிந்த மல்லேன் என்பார், தாம் கண்டவருள் வாக்கரே மிகச் சிறந்தவர் என்று பிற்காலத்தில் ஒப்பினார். ஆயினும் நிறவெறுப்பால் அவர் காட்டிய குறிகளை மதியாது எறிந்ததாகவும் கூறினார். வருவது எப்பந்து என்றறியாமலே வாக்கர் பிடித்து நின்றார்.

பின்னர் உயர்தர அணிகளின் கதவு அடைபட்டது. பொறித்த விதி ஏதுமில்லை. கனவான்களின் உடன்பாடு ஒன்றே போதுமாயிற்று. 1908-இல் வாக்கர், தம்மினத்தார் ஆப்பிரிக்கா செல்வதே நன்று என நூலெழுதுமளவு மனங்கசந்தார்; 1924-இல் மறைந்தார். 1947-இல் ஜாக்கி ராபின்ஸன் களமிறங்கிய பின்னரே அக்கதவு திறந்தது.

அறியாமையால் இழைத்த தீங்கைக் கல்வி தீர்க்கும். மல்லேன் அறியாதவரல்லர், ஒருவரின் திறமையை அறிந்தே அவரை அவமதித்தார். அறிவு மட்டும் மனிதனை நேர்மையாளனாக்காது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

எழுதியவர் எவருமில்லாத சட்டத்திற்கு, அதன்படி நடப்போர் ஒவ்வொருவருமே ஆசிரியர். 'முன்னோர் வழக்கம்' என்று கைகாட்டி, ஜாதியின் பேரால் ஒருவரைத் திண்ணையில் நிறுத்தும் நம்மவரும் இதற்கு விலக்கல்லர். மார்ட்டன் புதுச் சட்டம் இயற்றவில்லை. ஒரு பிற்பகல் இணங்க மறுத்தார். அன்று வழக்கம் தோற்றது. நாம் மறுக்க வேண்டிய பிற்பகல் எது?