அசையக்கூடாதது அசைந்தது

எழுந்திரு! ஒரு சோதனை பொய்த்ததற்கா ஆய்வகத்தின் மூலையில் முடங்கிக் கிடக்கிறாய்? ரான் வேலும் ஒரு காலத்தில் உன்னைப் போல் மாணவர்தான். நரம்பிழைக்குள் சரக்கைச் சுமந்து செல்லும் புரதம் எது என்று கேட்டுக் கிளம்பினார். கணவாயில் அந்த இழை கண்ணுக்கே தெரியும் அளவு பருத்திருக்கும். 1983இல் எல் நினோ தாக்கியதில் கலிஃபோர்னியக் கரையில் கணவாய் கிடைக்கவில்லை. அவரும் சக ஆய்வாளர் மைக்கேல் ஷீட்ஸும் கடலைச் சபித்துக்கொண்டு உட்காரவில்லை. அமெரிக்காவின் எதிர்க்கரைக்கு, வுட்ஸ் ஹோலுக்கு மூட்டை கட்டினார்கள்.

அங்கேயும் ஊகம் உடைந்தது. தசையில் இருக்கும் ஆக்டின், மயோசின் ஜோடிதான் இங்கும் வேலை செய்கிறது என்று எண்ணியிருந்தார்கள். பாதையோ 25 நானோமீட்டர் பருமனுள்ள நுண்குழல்! சரி, இழுக்கும் புரதமாவது சரக்கின் மேல் ஒட்டியிருக்குமா? சரக்கை நீக்கிய வெறும் சாற்றை ஒப்பீட்டுக்காக வைத்துப் பார்த்தார்கள். எதுவும் அசையக்கூடாத அந்தச் சோதனையில், நுண்குழல்களே கண்ணாடித் தகட்டின் மேல் ஊர்ந்தன. 'ஏதோ அழுக்கு கலந்துவிட்டது' என்று கொட்டிக் கழுவியிருந்தால் கதை அன்றே முடிந்திருக்கும். கழுவவில்லை. தேடும் பொருள் அந்தச் சாற்றில்தான் கரைந்திருக்கிறது என்று புரிந்துகொண்டார்கள்.

ஆயிரம் புரதங்கள் கலந்த சாற்றில் அந்த ஒன்றை எப்படிப் பிடிப்பது? செல்லின் எரிபொருளான ஏடிபியைப் போலவே தோற்றமளிக்கும் ஏஎம்பி-பிஎன்பி கைகொடுத்தது. பூட்டில் சிக்கிய கள்ளச்சாவி மாதிரி, அதை விழுங்கிய புரதம் நுண்குழலை விட்டு நகர முடியாமல் ஒட்டிக்கொண்டது. மையவிலக்கியில் சுழற்றி நுண்குழல்களைப் படியவைத்தார்கள். புரதமும் கூடவே படிந்தது. பிறகு உண்மையான ஏடிபியைக் கொடுத்ததும் பிடி தளர்ந்தது. 1985இல் கைனசின் என்ற பெயரில் அந்தப் புரதம் உலகுக்கு அறிமுகமானது. ஒவ்வோர் அடிக்கும் 8 நானோமீட்டர் நடக்கும் மோட்டார் அது.

இந்தக் கண்டுபிடிப்புக்கு லாஸ்கர் விருது 2012இல்தான் வந்தது. விருதைக் காட்டி உன்னை உசுப்பேற்றும் எண்ணம் எனக்கில்லை. 27 ஆண்டுக்குப் பின் வரும் மாலையை நம்பி யாரும் இரவெல்லாம் நுண்ணோக்கியில் கண் வைப்பதில்லை.

உன் ஒப்பீட்டுச் சோதனையிலும் அசையக்கூடாத ஏதோ ஒன்று அசைந்ததா? அதைப் 'பிழை' என்று எழுதி மூடிவிட்டாயா? எடு அந்த நோட்டை! அடித்த வரியை மறுபடி படி. நாளைக் காலையே அதே சோதனையை இன்னொரு முறை ஓட்டு.