வாசலை மறிப்பவன்

1

பக்கத்து வீட்டுக்காரர் தன் காரை நம் வீட்டுக் கேட்டுக்கு எதிரே நிறுத்திவிட்டுப் போய்விடுகிறார் என்பதைத் தார்மிகப் பிரச்னை என்று சொன்னால் சிரிப்பார்கள். தார்மிக விசாரம் என்றாலே துரோகம், கொலை, தியாகம், புரட்சி என்று எதையாவது பிடித்துக்கொண்டுதான் தொடங்க வேண்டும் என்பது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. நம்மில் பெரும்பாலோர் கொலை செய்யாமலே, புரட்சியும் செய்யாமலே இறந்துபோவோம். ஆனால் ஒருவர் வாசலை இன்னொருவர் மறிப்பது அன்றாடம் நிகழ்கிறது. ஒருவனுடைய தார்மிகப் பிரக்ஞையின் தரத்தைப் பெரிய தருணங்களைவிட இந்த மாதிரி அற்ப விஷயங்களே சரியாகக் காட்டிக்கொடுக்கின்றன என்று எனக்குப் படுகிறது. பெரிய தருணங்களில் அவன் தன்னையே கவனித்துக்கொண்டிருக்கிறான். காரை நிறுத்தும்போது யாரும் தன்னைக் கவனிப்பதில்லை.

நான் குடியிருப்பது மேற்கு மாம்பலத்தில் ஒரு சந்து. கார் என்பது அபூர்வமாயிருந்த காலத்தில் போட்ட மனைகள். தனி வீடுகள் இருந்த இடங்களில் இப்போது மூன்று மாடி, நான்கு மாடி. சந்து மட்டும் அதே அகலம். ஒவ்வொரு கேட்டிலும் ஒரு தகரப் பலகை தொங்குகிறது. ஏதோ ஒரு டியூஷன் சென்டரோ குடிநீர் கேன் வியாபாரியோ இலவசமாகக் கொடுத்துப்போனது. பாதிப் பலகையில் அவர்கள் விளம்பரம், மீதியில் ‘கேட் முன் வண்டியை நிறுத்தாதீர்’. சில வீடுகளில் அதற்குக் கீழே கையால் எழுதிய இன்னொரு வரியும் இருக்கும்: மீறினால் காற்று பிடுங்கப்படும். கேட்டுக்கு வெளியே, மழைநீர் கால்வாயை மூடிச் சாலைக்குள் இரண்டடி இறங்கும் சிமெண்ட் சரிவு. அதன் ஓரத்தில் உடைந்த பூந்தொட்டி அல்லது ஒரு கல், இடம் பிடித்து வைப்பதற்காக. பிறர் தன் வாசலை மறிக்கக்கூடாது என்று பலகை மாட்டிய அதே மனிதர் எல்லோருடைய தெருவிலும் இரண்டடியைத் தனதாக்கிக்கொண்டிருக்கிறார். அதை அவர் முரண்பாடாக உணர்வதில்லை. என் வீட்டுச் சொந்தக்காரரும் உணரவில்லை. அந்தச் சரிவு இல்லாவிட்டால் என் தகப்பனாரின் சக்கர நாற்காலி இறங்காது என்பதால் நானும் உணராமலிருக்கப் பழகிக்கொண்டேன்.

தகப்பனாருக்குப் பார்க்கின்சன் நோய். வாரம் இரண்டு நாள் காலை ஏழரைக்கு ஆட்டோ வரும், பிசியோதெரபிக்குப் போகவேண்டும். எதிர் ஃபிளாட்டுக்காரர் இரவு பதினொன்றுக்கு மேல் வேலையிலிருந்து திரும்பி, மிச்சமிருக்கும் ஒரே இடமான எங்கள் கேட்டை ஒட்டிக் காரை நிறுத்திவிட்டுத் தூங்கப்போவார். காருக்கும் கேட்டுக்கும் இடையே ஒன்றரை அடி. ஒரு நாள் ஆட்டோக்காரரும் நானும் தகப்பனாரை அந்த ஒன்றரை அடி வழியாகத் தூக்கிக்கொண்டு போனோம். வேட்டி கார்க் கதவின் கைப்பிடியில் மாட்டி விலகிவிட்டது. நாற்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் பையன்கள் முன்னால் நின்ற மனிதர், கண்ணை மூடிக்கொண்டார். சத்தம் கேட்டு எதிர் வீட்டுக்காரர் பால்கனிக்கு வந்து, சாவியோடு ஓடி இறங்கினார். அதற்குள் நாங்கள் வெளியே வந்துவிட்டோம். ‘பரவாயில்லே தம்பி’ என்றார் தகப்பனார்.

2

சட்டம் இதைப்பற்றி என்ன சொல்கிறது என்று பார்க்கப்போனதில் எதிர்பாராத வெளிச்சம் ஒன்று கிடைத்தது. 1860ஆம் வருஷத்து இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 339ஆவது பிரிவு, போவதற்கு ஒருவனுக்கு உரிமையுள்ள திசையில் அவனைப் போகவிடாமல் தடுப்பதைக் குற்றமாக்கியது. அதற்கு அந்தச் சட்டம் தரும் உதாரணம், வழியை அடைப்பதுதான். தண்டனை ஒரு மாதம் வரை வெறுங்காவல் அல்லது 500 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 2024 ஜூலை முதல் நாள் அமலுக்கு வந்த பாரதிய நியாய சம்ஹிதையில் அதே விஷயம் 126ஆவது பிரிவாகியிருக்கிறது. அபராதம் 5000 ஆகியிருக்கிறது.

விசேஷம் தண்டனையில் இல்லை, விலக்கில். தனி வழி ஒன்றை அடைக்கத் தனக்கு உரிமை உண்டு என்று ஒருவன் நல்லெண்ணத்துடன் நம்பி அடைத்தால் அது குற்றமாகாது. அப்படியானால் எவனும் ‘நான் அப்படித்தான் நம்பினேன்’ என்று சொல்லித் தப்பிவிடலாமே? முடியாது. நல்லெண்ணம் என்றால் என்ன என்பதை இந்தச் சட்டம் எதிர்மறையாக வரையறுத்து வைத்திருக்கிறது: உரிய அக்கறையும் கவனமும் இல்லாமல் செய்ததோ நம்பியதோ எதுவும் நல்லெண்ணத்துடன் செய்ததாகாது.

இந்த வரையறையின் கூர்மையை நம் அன்றாடப் பேச்சோடு ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். ‘அவர் வேணும்னு செய்யலை, கவனிக்கலை, அவ்வளவுதான்’ என்று நாம் ஒருவருக்காகப் பரிந்து பேசுகிறோம். நமக்குக் கவனமின்மை என்பது குற்றத்திலிருந்து விடுதலை. சட்டத்தின் பார்வையிலோ கவனமின்மை நல்லெண்ணத்தையே ரத்து செய்துவிடுகிறது. தமிழில் இதற்கு அருமையான சொல் இருக்கிறது: சுரணை. சுரணையற்றவன் கெட்டவன் அல்ல. அவன் யாருக்கும் தீங்கு நினைப்பதில்லை. அவன் யாரையும் நினைப்பதே இல்லை, குற்றம் அதுதான்.

இதை எழுதும்போது வேறொன்றும் சொல்லியாக வேண்டும். நான் வேலை பார்க்கும் வங்கிக் கிளையின் வாசலில் சக்கர நாற்காலிக்கென்று ஒரு சரிவு உண்டு. ஊழியர்களின் ஸ்கூட்டர்கள் அதன்மேல்தான் நிற்கும். ஆறு வருஷம் என்னுடையதும் நின்றது. ஓய்வூதியக்காரர்கள் பக்கத்துப் படிகளில் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏறுவதை ஆறு வருஷம் நான் பார்த்திருக்கிறேன், அதாவது பார்க்கவில்லை. தகப்பனாருக்கு நாற்காலி வந்த பிறகுதான் அது சரிவு என்று தெரிந்தது.

3

பி.எஃப். ஸ்ட்ராஸன் என்ற ஆங்கிலத் தத்துவாசிரியர் 1962இல் சுதந்திரத்தையும் மனக்கசப்பையும் பற்றி ஓர் உரை நிகழ்த்தினார். அதில் மிக எளிமையான உதாரணம் ஒன்று வருகிறது. ஒருவன் என் கையை மிதித்துவிடுகிறான். தெரியாமல் மிதித்தாலும், என்னைப் பொருட்படுத்தாமல் மிதித்தாலும் வலி ஒன்றுதான். ஆனால் இரண்டாவதில் வலியைத் தவிர வேறொன்றும் நேர்கிறது; என்னை ஓர் ஆளாக அவன் மதிக்கவில்லை என்பது. மனக்கசப்பு அதற்கான பதில். எனவே அது வெறும் பலவீனமோ சின்னத்தனமோ அல்ல. நீயும் நானும் ஒரே உலகத்தில் இருக்கும் மனிதர்கள், உன்னிடமிருந்து எனக்கு ஓர் எதிர்பார்ப்பு உண்டு என்று சொல்லும் முறை அது.

இதற்கு மாறான மனோபாவத்தையும் ஸ்ட்ராஸன் விவரிக்கிறார். எதிராளியைச் சமாளிக்கவேண்டிய, கையாளவேண்டிய, தேவையானால் சிகிச்சை தரவேண்டிய ஒரு பொருளாகப் பார்ப்பது. மழையின்மேல் நமக்குக் கசப்பு இல்லை, குடை பிடிக்கிறோம். சில மனிதர்களிடமும் அப்படி இருந்துவிடலாம். எப்போதும் எல்லோரிடமும் அப்படி இருந்தால் மனித உறவு என்று எதுவும் மிஞ்சாது.

இங்கிருந்து பார்த்தால் நாம் பெருமையோடு பேசும் பொறுமையின் சுயரூபம் தெரிகிறது. ‘அவன் அப்படித்தான், அவன்கிட்டே போய்ச் சொல்லி என்ன ஆகப்போறது’ என்று சொல்லிவிட்டு ஒன்றரை அடிக்குள் ஒடுங்கிப் போகிறவன் பொறுமைசாலியாகத் தோற்றம் தருகிறான். உண்மையில் அவன் எதிராளியை மனித வரிசையிலிருந்து நீக்கி மழை, மாடு, குழிவிழுந்த ரோடு இவற்றோடு சேர்த்துவிட்டான். அது பொறுமை அல்ல, அலட்சியம். எதிராளி தன்மேல் காட்டிய அலட்சியத்தை அதே நாணயத்தில் திருப்பிக் கொடுக்கிறான். வெளியே தெரியாமல் கொடுக்கிறான், அவ்வளவே வித்தியாசம்.

நம் இலக்கியச் சூழலும் இதே லட்சணத்தில்தான் இருக்கிறது. ஒரு மோசமான நாவலைப்பற்றி ‘விட்டுத்தள்ளுங்கள் சார்’ என்று மௌனம் சாதிப்பது நாகரிகம் என்று கருதப்படுகிறது. எழுதியவனிடம் இது போதாது என்று சொல்ல மறுப்பவன், இதைவிட மேலானது அவனால் முடியும் என்று நம்ப மறுக்கிறான்.

பொறுமையை நியாயப்படுத்த நம்மிடம் இன்னொரு சொல்லும் இருக்கிறது: அட்ஜஸ்ட். ‘கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க’ என்பது வேண்டுகோள் போல ஒலிக்கும். யார் யாரிடம் இதைக் கேட்கிறார்கள் என்று கவனித்தால் போதும். சொந்தக்காரர் குடித்தனக்காரரிடம், மாமியார் மருமகளிடம், காரில் வந்தவர் நடந்து வந்தவரிடம். எதிர்த்திசையில் இந்த வாக்கியத்தை நான் கேட்டதில்லை. இடம் விட்டுக்கொடுப்பது ஒரு பண்பு என்றால் அது இரண்டு பக்கமும் ஓட வேண்டும். ஒரே பக்கம் ஓடுவதற்குப் பெயர் அதிகாரம்.

4

இவ்வளவு தெளிவாக இப்போது எழுதுகிறவன் அப்போது செய்தது என்ன என்று கேட்கலாம். சொல்லிவிடுகிறேன். வேட்டி விலகிய அந்த வாரத்தில் ஒரு நாள், இரவு ஒரு மணிக்கு, காரின் பின்சக்கரத்து வால்வு மூடியைக் கழற்றித் தீக்குச்சியால் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். காற்று முழுவதும் இறங்க நான் நினைத்ததைவிட அதிக நேரம் பிடித்தது. தெரு நாய் ஒன்று எதிரே வந்து உட்கார்ந்து பார்த்தது.

காலையில் ஆட்டோ வந்தபோதுதான் என் மூளைக்கு எட்டியது, காற்றில்லாத கார் நகராது என்பது. அவருடைய ஸ்டெப்னியிலும் காற்று இல்லை. பஞ்சர் கடைக்காரர் வரப் பதினொன்றரை ஆயிற்று. அதுவரை என் வாசலை நானே மறித்துவைத்திருந்தேன். தகப்பனார் அன்று பிசியோதெரபிக்குப் போகவில்லை. எதிர் வீட்டுக்காரர் இரண்டு தடவை எங்கள் வீட்டுக்குள் வந்து, ‘சார், ரொம்ப மன்னிச்சுக்குங்க, வால்வு லூஸா இருந்திருக்கு போல, பெரியவருக்கு என்னாலே கஷ்டம்’ என்றார். எத்தனையோ மாதமாக எந்த மன்னிப்பை அவரிடம் எதிர்பார்த்தேனோ அதை, நான் செய்த காரியத்துக்காக அவர் கேட்டார். ‘பரவாயில்லே’ என்று சொல்லி அதை நான் வாங்கிக்கொண்டேன்.

காற்றைப் பிடுங்கியதைவிட இதுதான் உறுத்தியது. காற்றைப் பிடுங்கியது பழிவாங்கல். அதில்கூட அவர் ஓர் எதிரி என்கிற அளவுக்காவது இருந்தார் என்று முதலில் நினைத்தேன். யோசித்தால் அதுவும் இல்லை. தன் மேல் வினையாற்றியது இன்னொரு மனிதன் என்பது அவருக்குத் தெரியவே தெரியாது. என் கோபம் அவரைச் சென்றடையவே இல்லை, சக்கரத்தோடு நின்றுவிட்டது. ஒடுங்கிப் போனதும் காற்றைப் பிடுங்கியதும் ஒரே செயலின் இரண்டு முகங்கள். இரண்டிலும் நான் அவரோடு பேசவில்லை.

5

பதினைந்து நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரிடம் சொன்னேன். காரைப் பற்றியும் சொன்னேன், காற்றைப் பற்றியும் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, ‘ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சார். பெரியவர் எப்பக் கேட்டாலும் பரவாயில்லேன்னாரு, நீங்களும் ஒண்ணும் சொல்லலை. உங்களுக்கு ஆட்சேபணை இல்லேன்னு நெனைச்சேன்’ என்றார்.

சட்டத்தின் விலக்கு என் முன்னால் நின்று பேசியது போலிருந்தது. தனக்கு அனுமதி இருப்பதாக அவர் நம்பினார். நம்பிக்கையை உண்டாக்கியது எங்கள் வீட்டுப் ‘பரவாயில்லை’. உரிய கவனம் இருந்திருந்தால், ஒரு கிழவரைத் தூக்கிக்கொண்டு போவதைப் பார்த்த பிறகு அந்த நம்பிக்கை நிலைத்திருக்காது என்பதும் உண்மை. இரண்டும் உண்மை. ஒன்று மற்றொன்றைக் கழித்துவிடுவதில்லை. என் பங்கு தெரிந்ததால் அவர் பங்கு குறைந்துவிடாது. இதைக் கணக்குப் பேரேடு போல நேர்செய்து கையெழுத்துப் போட முடியாது.

ஐரிஸ் மர்டாக் 1970இல் வெளியிட்ட நன்மையின் இறையாண்மை பற்றிய நூலில் ஒரு மாமியாரை உதாரணமாக்குகிறார். மருமகளை மட்டமானவள் என்று நினைக்கும் மாமியார். வெளியே எந்தக் குறையும் வைக்காமல் நடந்துகொள்கிறாள். ஒரு நாள், நான் பொறாமையாலும் குறுகிய மனத்தாலும் பார்க்கிறேனோ, மறுபடி பார்ப்போம் என்று முடிவு செய்கிறாள். வெளியே ஒன்றும் மாறவில்லை. ஆனாலும் ஏதோ செய்யப்பட்டிருக்கிறது என்கிறார் மர்டாக். மறுபடி பார்ப்பதே ஒரு தார்மிகச் செயல்.

நமக்கு இது வெளியிலிருந்து வரவேண்டியதில்லை. குறளில் ஐம்பத்தெட்டாவது அதிகாரத்தின் பெயர் கண்ணோட்டம். இன்று அந்தச் சொல்லுக்கு அபிப்பிராயம், கோணம் என்று பொருளாகிவிட்டது. எல்லோரிடமும் ஒரு கண்ணோட்டம் இருக்கிறது. வள்ளுவரிடம் அது கண் இன்னொருவர்மீது ஓடி, அங்கே நின்று, இரக்கம் கொள்வது. அதை அவர் அறத்துப்பாலில் வைக்காமல் பொருட்பாலில், அரசியலில் வைத்தது யோசிக்கத்தக்கது. கடமை கெடாதபடி கண்ணோட வேண்டும் என்ற எச்சரிக்கையும் அங்கேயே இருக்கிறது. இரக்கத்தோடு பார்ப்பது வேறு, பார்த்ததைச் சொல்லாமல் விழுங்குவது வேறு. பதினொரு மணிக்குக் களைத்துவரும் மனிதருக்குத் தெருவில் இடமில்லை என்பதைப் பார்க்கவேண்டும். அதைப் பார்த்த பிறகும், ஏழரைக்கு எனக்கு வழி வேண்டும் என்று சொல்லவேண்டும்.

என் மனைவி தினமும் காலையில் கேட்டுக்கு வெளியே கோலம் போடுகிறாள். அந்த இடம் எங்கள் பத்திரத்தில் இல்லை, சொந்தக்காரரின் பத்திரத்திலும் இல்லை. தெருவில் போகிற எல்லோரும் மிதிக்கிறார்கள். அதைப்பற்றி அவளுக்குப் புகார் இல்லை. மறுநாள் பெருக்கித் தண்ணீர் தெளித்து மீண்டும் போடுகிறாள். கார் நின்ற நாட்களில் மட்டும் போட இடம் இருக்காது. பலகை மாட்டி உரிமை கொண்டாடுவதைத் தவிர, ஓர் இடத்தோடு வேறுவிதமான சம்பந்தமும் சாத்தியம் என்று அதைப் பார்க்கும்போது தோன்றும். மிதிப்பதற்கும் மறிப்பதற்கும் உள்ள வித்தியாசம் அவளுக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது.

இப்போது கார் நான்கடி தள்ளி நிற்கிறது. அவர் முன்போல் சிரித்துப் பேசுவதில்லை, தலையை மட்டும் ஆட்டுகிறார். அதை நான் சம்பாதித்துக்கொண்டதுதான். சில இரவுகளில் மறந்தோ இடமில்லாமலோ பழையபடி கேட்டை ஒட்டி நிறுத்திவிடுகிறார். அந்தக் காலைகளில் மாடி ஏறிப் போய் அவர் வீட்டு மணியை அடிக்கிறேன். கதவு திறக்கும் வரைக்குமான அந்த அரை நிமிஷம் ஒவ்வொரு தடவையும் கஷ்டமாகத்தான் இருக்கிறது.