இரட்டையரும் மறைஆற்றலும்

ஒரே கருவறையில் வளர்ந்த இருவரில் ஒருவருக்கு மட்டும் மறைஆற்றல் வாய்ப்பது எப்படி? மகாபாரதத்தில் நகுலனும் சகாதேவனும் அசுவினி தேவர்களால் மாத்திரி பெற்ற இரட்டையர். தமிழ்க் கதைமரபில் வருவதை அறியும் கலை இளையவனுக்கே உரியது. போருக்கு முன் தரும் களப்பலிக்கு நாள் கேட்டுத் துரியோதனன் வந்தபோது, பகைவன் என்று பாராமல் சகாதேவன் நல்ல நாளையே குறித்துக் கொடுக்கிறான். அந்த ஆற்றலைவிட இந்த நேர்மையே வியப்புக்குரியது.

பிறந்த நேரமே எல்லாவற்றையும் தீர்மானிக்குமானால் இரட்டையர் இருவரின் வாழ்வும் ஒன்றாக இருக்கவேண்டும். விவிலியத்தில் வரும் ஏசா, யாக்கோபு என்ற இரட்டையரைக் காட்டி, 5ஆம் நூற்றாண்டில் புனித அகுஸ்தீனார் சோதிடத்தை மறுத்தார். சில நிமிட வித்தியாசமும் ராசியைப் பகுத்துக் கணிக்கும் வர்க்கச் சக்கரத்தை மாற்றிவிடும் என்பது சோதிடர் தரப்பு.

கொழும்பு கொச்சிக்கடையில், முதலில் கேட்ட கேள்விக்கு இரு பதில்கள் அருகருகே உள்ளன. பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லில் எழுப்பிய பொன்னம்பலவாணேசர் கோயில் சார்ந்த சைவ சித்தாந்தத்தில், உயிர்கள் பல, அனாதியானவை. இரட்டையருக்குத் தாய் ஒருத்தி, வினை வேறு. எட்டு மறைஆற்றல்களான அட்டமா சித்திகள் கைகூடினாலும் அவை வீடுபேறு ஆகா. செவ்வாய்தோறும் பல மதத்தாரும் நேர்த்தி வைக்கும் அந்தோனியார் திருத்தலத்திலோ, கத்தோலிக்கப் போதனைப்படி புதுமை செய்பவர் கடவுளே. புனிதர் பரிந்து பேசுபவர் மட்டுமே.

இரண்டிலும் ஆற்றல் பிறப்புரிமை அல்ல. சித்தி வரும் வழிகளில் பிறப்பையும் சேர்ப்பவர் யோகசூத்திரத்தில் பதஞ்சலி.