ஒரு பலகையின் வேலை

அப்பாவின் தையல்கடையில் ஒரு வால்வு ரேடியோ இருந்தது. குமிழைத் திருகினால் உடனே பேசாது. வால்வுகள் சூடேற அரை நிமிடம் பிடிக்கும். அதற்குள் அப்பா ஊசியில் நூல் கோத்து, மெஷினில் துணியை வைத்து, மிதியில் காலையும் வைத்துவிடுவார். இலங்கை வானொலி மெல்ல மேலெழுந்து வரும். மாயவரத்தில் அந்தச் சந்துக்குள் நுழைகிறவர்களுக்குக் கடை கண்ணில் படுவதற்கு முன்பே பாட்டும், பாட்டுக்கு மேலாக அப்பாவின் பேச்சும் காதில் விழும். அளவு கொடுக்க வருகிறவர்கள் பெஞ்சில் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் போவார்கள். அந்தப் பெஞ்சில் பேசி முடிவான கல்யாணங்கள் உண்டு.

அம்மா போன பிறகு ஊர் வீட்டைக் காலி செய்தோம். ரேடியோவின் மரப்பெட்டியைக் கரையான் தின்றிருந்தது. உள்ளே இருந்த 8 அங்குல ஸ்பீக்கர் மட்டும் முழுசாக இருந்தது. அதைச் செய்தித்தாளில் சுற்றி எடுத்துக்கொண்டேன். அப்பாவையும் சென்னைக்கு அழைத்து வந்தோம்.

கிழக்குப் பார்த்த அறை, ஏசி, தனி டிவி, கட்டிலுக்குப் பக்கத்தில் மாத்திரை டப்பா. எதிலும் குறை வைக்கவில்லை என்றுதான் நினைத்தேன். மூன்று மாதத்தில் அப்பாவின் குரல் இறங்கிவிட்டது. பக்கத்தில் நின்றாலும் "என்னப்பா?" என்று இரண்டு தடவை கேட்க வேண்டியிருந்தது. டாக்டரிடம் காட்டினோம். தொண்டையில் ஒன்றுமில்லை என்றார். வயசாகிவிட்டது என்று நாங்களே முடிவு செய்துகொண்டோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த ஸ்பீக்கரை எடுத்துப் பிரித்தேன். பழைய ஸ்பீக்கருக்கு உயிர் இருக்கிறதா என்று பார்க்கப் பெரிய கருவி வேண்டியதில்லை. டார்ச் செல் ஒன்றின் இரண்டு முனைகளிலிருந்தும் ஒயரை எடுத்து ஸ்பீக்கரின் இரண்டு காதுகளில் ஒரு கணம் தொட்டால் 'டப்' என்று ஒரு சத்தம் வரும். வந்தது. இரண்டு கட்டைவிரலாலும் கோனைச் சமமாக அழுத்திப் பார்த்தேன். வாய்ஸ் காயில் எங்கும் உரசாமல் உள்ளே போய் வந்தது. கோனின் ஓரத்தில் அரை அங்குலக் கிழிசல் ஒன்று இருந்தது, அவ்வளவுதான்.

ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் அது பிழைத்திருந்ததற்குக் காரணம் உண்டு. பின்னாளில் வந்த பல ஸ்பீக்கர்களில் கோனைச் சுற்றி நுரைப்பஞ்சு வளையம் இருக்கும். பத்துப் பதினைந்து வருஷத்தில் அது பிசுபிசுத்து உதிர்ந்துபோகும். வால்வு காலத்து ஸ்பீக்கரில் கோனும் காகிதம், ஓரத்து மடிப்பும் அதே காகிதம். பின்னால் இருப்பது பெரும்பாலும் அல்னிகோ காந்தம். அலுமினியம், நிக்கல், கோபால்ட் மூன்றும் இரும்போடு சேர்ந்த கலவை அது. பத்திரமாக வைத்திருந்தால் காந்த சக்தி எளிதில் போகாது.

இதைப் போன்றவற்றை ஃபுல் ரேஞ்ச் ஸ்பீக்கர் என்பார்கள். இன்றைய பெட்டிகளில் கனத்த ஒலிக்கு ஊஃபர், மெல்லிய ஒலிக்கு ட்வீட்டர் என்று குறைந்தது இரண்டு ஸ்பீக்கர்கள் இருக்கும். எந்த ஒலி எதற்குப் போக வேண்டும் என்று பிரித்துவிட கிராஸ்ஓவர் ஒன்று நடுவே இருக்கும். அந்தப் பிரிவு பெரும்பாலும் 2,000 முதல் 3,000 ஹெர்ட்ஸுக்குள் விழுகிறது. மனிதக் குரலில் மெய்யெழுத்துகள் தெளிவு பெறுவது அந்த வட்டாரத்தில்தான். ஃபுல் ரேஞ்சில் இந்தப் பாகப்பிரிவினை இல்லை. ஒரே காகிதம் வயலினுக்கும் நடுங்குகிறது, தவிலுக்கும் அதிர்கிறது. இரண்டு கோடியிலும் அதற்குப் போதாமை உண்டு. ஆனால் ஒரு பாடகரின் குரல் ஒரே இடத்திலிருந்து, ஓர் ஆள் எதிரே உட்கார்ந்து பாடுவதுபோல வரும். பிலிப்ஸின் 9710, லோதர், குட்மன்ஸ் ஆக்ஸியம் 80 என்று அந்தக் காலத்து ஸ்பீக்கர்களை இன்றும் தேடி அலைகிறவர்கள் அந்தக் குரலுக்காகத்தான் அலைகிறார்கள். என்னிடம் இருந்தது அப்படிப் பேர்பெற்றதல்ல. ஒரு சாதாரண ரேடியோ ஸ்பீக்கர்.

ரிச்சி தெருவில், இந்த ஸ்பீக்கரின் 3 ஓம் மின்தடையைத் தாங்குமா என்று கேட்டு ஒரு சின்ன ஆம்பிளிஃபயர் வாங்கி வந்தேன். ஸ்பீக்கரை மேசைமேல் அப்படியே வைத்துப் பாட்டுப் போட்டேன். கீச்சுக் கீச்சென்று, தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது. மிருதங்கத்தில் விரல் படும் சத்தம் கேட்டது, கனத்த பக்கமான தொப்பியின் சத்தம் கேட்கவே இல்லை. பெட்டி இல்லாததுதான் குறை என்று, இருந்த பலகைகளை வைத்துக் காற்றுப் புகாத ஒரு பெட்டி செய்தேன். சின்னது, அலமாரியில் அடங்கக்கூடியது. கீச்சு குறைந்தது. பதிலுக்குத் தலையணைக்கு அடியிலிருந்து பாடுவதுபோல் ஓர் அடைப்பு வந்தது.

அப்போதுதான் அப்பா அறையிலிருந்து வெளியே வந்தார். பெட்டியைச் சுற்றி வந்து பின்பக்கத்தைத் தட்டிப் பார்த்தார்.

"பின்னாடி அடைச்சுட்டியா?"

"ஆமாப்பா."

"நம்ம ரேடியோவுல பின்னாடி ஓட்ட ஓட்டயா அட்டதானே இருந்துச்சு. அத எடுத்துட்டா இன்னும் நல்லாக் கேக்கும். இதப் போயி மூச்சு முட்ட அடைச்சு வச்சிருக்கியே, தம்பி."

அன்றைக்கு அவர் பேசியதில் அதுதான் நீளமான பேச்சு.

அவர் சொன்னதற்குள் இருந்த கணக்கைப் பிறகு உட்கார்ந்து யோசித்தேன். கோன் முன்னால் நகரும்போது முன்பக்கக் காற்று நெருக்கப்படுகிறது. அதே கணத்தில் பின்பக்கக் காற்று தளர்கிறது. முன்னே போகும் அலையும் பின்னே போகும் அலையும் ஒன்றுக்கொன்று நேர் எதிர். மெல்லிய ஒலியின் அலைநீளம் சில சென்டிமீட்டர்தான். அது நேராகப் பாய்ந்து போய்விடும். 100 ஹெர்ட்ஸ் ஒலிக்கோ அலைநீளம் ஏறக்குறைய 3.4 மீட்டர். எட்டு அங்குல வளையம் அதற்கு ஒரு தடையே அல்ல. பின்னலை ஓரத்தைச் சுற்றிக்கொண்டு முன்னே வந்து முன்னலையோடு சேர, இரண்டும் ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. கனத்த ஒலி ஸ்பீக்கரில் பிறக்காமல் இல்லை. பிறந்த இடத்திலேயே தன்னைத்தானே அழித்துக்கொள்கிறது.

இதற்கு மருந்து ஒரு பலகை. நடுவில் ஓட்டை போட்டு ஸ்பீக்கரைப் பொருத்திவிட்டால், பின்னலை முன்னே வர நெடுந்தூரம் சுற்ற வேண்டும். 1925இல் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக்கில் ரைஸ், கெல்லாக் என்ற இரண்டு பொறியாளர்கள் இன்றைய ஸ்பீக்கருக்கு மூலவடிவம் தந்தபோதே, கோனோடு இந்தத் தடுப்புப் பலகையும் சேர்ந்தே வந்தது. அடைத்த பெட்டியும் தவறானதல்ல. 1954இல் எட்கர் வில்ச்சர் உள்ளே அடைபட்ட காற்றையே ஸ்ப்ரிங்காக வைத்து அருமையான சின்னப் பெட்டி செய்தார். ஆனால் அதற்கென்றே மிகவும் தளர்வாக ஓர் ஊஃபரை அமைத்திருந்தார். என் ஸ்பீக்கர் திறந்த முதுகோடு வாழ்ந்து பழகியது. சின்னப் பெட்டியின் காற்று அதன் கோனை இறுக்கி, ஆழத்துக்குப் போகவிடாமல் மேலேயே நிறுத்திவிட்டது.

18 எம்.எம். ப்ளைவுட்டில் 3 அடி அகலம், 4 அடி உயரத்துக்கு ஒரு பலகை வாங்கினேன். நான் நட்டநடுவில் புள்ளி வைக்கப் போனபோது, அப்பா சற்றுத் தள்ளி வைக்கச் சொன்னார். "ஜேபியை நடு மார்புலயா வைப்போம்?" என்றார். அவர் கண்ணழகுக்காகச் சொன்னது ஒலிக்கும் சரியாகவே இருந்தது. நாலு ஓரமும் ஒரே தூரத்தில் இருந்தால் பின்னலை எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்து, ஏதோ ஓர் இடத்தில் ஒலியைப் பள்ளமாக்கும். நூலின் ஒரு முனையை ஆணியில் கட்டி, மறுமுனையில் மார்க்கிங் சாக்கைப் பிடித்து, ஒரே சுற்றில் வட்டம் போட்டார். கை நடுங்கவில்லை. கோனின் கிழிசலுக்கு மெல்லிய டிஷ்யூ தாளை எடுத்தார். ஓரத்தைக் கத்தரியால் வெட்டாமல் விரலால் பிய்த்துக்கொண்டார், நார்கள் பரவிப் பிடிக்க வேண்டுமாம். தண்ணீர் விட்ட ஃபெவிகாலில் அதைத் தோய்த்து, முன்னும் பின்னுமாக ஒட்டினார். காய்ந்த பிறகு கிழிசல் இருந்த இடத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

அன்று மாலை அதே பாட்டைப் போட்டோம். அதே ஸ்பீக்கர், அதே ஆம்பிளிஃபயர். தொப்பியின் கும்காரம் தரையோடு தரையாக வந்து பாதத்தில் பட்டது. பாடுகிறவரின் குரலுக்கு மார்பு முளைத்திருந்தது.

பலகையின் முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அது ஒலி எதையும் உண்டாக்கவில்லை, உண்டான ஒலியைப் பெருக்கவும் இல்லை. உள்ளே ஏற்கெனவே இருந்த ஒன்று தன்னைத்தானே அழித்துக்கொள்ளாமல் காத்தது. பெட்டியிலும் குரல் அமுங்கியபோது, ஸ்பீக்கருக்கு வயசாகிவிட்டதோ என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

ஒருவரின் குரலை அவருடைய சொத்து என்று எண்ணிக்கொள்கிறோம். கெட்டிக்காரர், கலகலப்பானவர், மௌனி என்று ஆளின்மேல் பெயரெழுதி ஒட்டுகிறோம். பாதியாவது அவர் பொருந்தி நிற்கும் பலகையைச் சேர்ந்தது என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. அப்பாவின் பலகை அந்தச் சந்து, அந்தப் பெஞ்சு, "அண்ணே, கை கொஞ்சம் லூசா வையுங்க" என்று வந்து நிற்கும் ஆள். அதிலிருந்து அவரைக் கழற்றி எடுத்து வந்தோம். அன்பால்தான் செய்தோம், அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த அன்பைக் காற்றுப் புகாத பெட்டியாகச் செய்திருந்தோம். வேலை எதுவும் வைக்கக் கூடாது, யாரும் தொந்தரவு செய்யக் கூடாது என்று நாலு பக்கமும் அடைத்துவிட்டுக் குரல் ஏன் அமுங்குகிறது என்று தொண்டையில் டார்ச் அடித்துப் பார்த்தோம்.

அடுத்த வாரம் ஊருக்குப் போய், உறவினர் வீட்டுப் பின்கட்டில் கிடந்த தையல் மெஷினைக் கொண்டுவந்தேன். அவர் அறைக்குள் வைக்கவில்லை. வாசல் கதவை ஒட்டி, கதவு திறந்திருந்தால் நடைபாதையிலிருந்து தெரிகிற இடத்தில் வைத்தேன். எதிரே ஒரு பெஞ்சும் போட்டேன். முதலில் காவலாளி தன் சட்டைக்குப் பொத்தான் வைத்துக்கொள்ள வந்தார். பிறகு மாடிவீட்டுப் பெண் ரவிக்கையைப் பிரித்துத் தைக்க வந்தாள். பள்ளிக்கூடப் பைகளும் வரத் தொடங்கின.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். அந்தப் பலகையிலும் 60 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒன்றும் பெரிதாக வருவதில்லை. இந்த ஸ்பீக்கருக்கு எந்தப் பலகை வைத்தாலும் வராது. அப்பாவிடமும் அம்மாவோடு போனது போனதுதான். சாயங்காலங்களில் அவர் மெஷினை நிறுத்திவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கும் நேரங்கள் உண்டு. அப்போது நான் எதையும் கேட்பதில்லை.

நேற்று ஒரு பையன் ஜிப் போன பையோடு வந்தான். நான் உள்ளே அடுப்பில் பாலை வைத்திருந்தேன். ரேடியோவில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு மேலாக, இரண்டு சுவர் தாண்டி, அப்பாவின் குரல் தெளிவாகக் கேட்டது:

"தம்பி, ஒங்க தாத்தாவுக்கு எந்த ஊரு?"