71-ஆவது ஸ்தானம்

2024 ஆகஸ்டில், பாரிஸ் ஒலிம்பிக்ஸ் முடிந்த மறுநாள், மயிலாப்பூரில் நான் வேலை பார்க்கும் வங்கிக் கிளையின் அறிவிப்புப் பலகையில் யாரோ பதக்கப் பட்டியலைப் பத்திரிகையிலிருந்து கத்தரித்துக் குத்தியிருந்தார்கள். பக்கத்திலேயே, டெபாசிட் சேர்த்ததில் எந்தக் கிளைக்கு எத்தனையாவது இடம் என்ற சுற்றறிக்கை. “பாகிஸ்தானுக்கும் கீழே போயிட்டோமே சார்” என்றார் அடுத்த கவுன்ட்டர்க்காரர். பட்டியல்படி அவர் சொன்னது சரி. 6 பதக்கங்களோடு இந்தியா 71-ஆவது. ஒரே ஒரு பதக்கத்தோடு பாகிஸ்தான் 62-ஆவது. அந்த ஒன்று தங்கம். அர்ஷத் நதீம் ஈட்டியை 92.97 மீட்டர் எறிந்தார். நீரஜ் சோப்ரா 89.45.

இந்தப் பட்டியல் முதலில் தங்கத்தை எண்ணுகிறது. தங்கம் சமமானால்தான் வெள்ளி. அதுவும் சமமானால் வெண்கலம். அதாவது எத்தனை வெள்ளி சேர்ந்தாலும் ஒரு தங்கத்துக்கு ஈடாகாது. டோக்கியோவில் 7 பதக்கம், அதில் ஒரு தங்கம், ஸ்தானம் 48. பாரிஸில் ஒரு பதக்கம் குறைந்தது. 23 படி இறங்கிவிட்டோம். அமெரிக்கப் பத்திரிகைகள் வழக்கமாக மொத்தத்தைப் பார்க்கின்றன. அங்கே வெண்கலமும் தங்கமும் ஒன்று. 2008 பெய்ஜிங்கில் தங்கத்தில் சீனா முதல், மொத்தத்தில் அமெரிக்கா முதல். இரண்டிலும் கணக்குப் பிழை கிடையாது. கூட்டல் என்று நாம் நம்புவதற்குள் ஒரு மதிப்பீடு ஒளிந்திருக்கிறது. லெட்ஜரோடு பழகியவன் என்ற முறையில் சொல்கிறேன்: ரூபாயையும் டாலரையும் கூட்டுமுன் மாற்று விகிதத்தை எழுதியாக வேண்டும். இங்கே அதை எழுதியவர் யாருமில்லை.

அடுத்து, கூட்டப்படுவது யாருடைய தகுதி? போட்டி வீரர்களுக்கிடையே, நாடுகளுக்கிடையே அல்ல என்கிறது ஒலிம்பிக் சாசனம். 1980 மாஸ்கோவில் தமிழ்நாட்டுக்காரரான வி. பாஸ்கரன் தலைமையில் ஒரு ஹாக்கி அணி முழுவதும் சேர்ந்து வென்றது, கணக்கில் 1. பெய்ஜிங்கில் மைக்கேல் பெல்ப்ஸ், தொடர் நீச்சல்களையும் சேர்த்து, வென்றது 8. 1984 லாஸ் ஏஞ்சல்ஸில் பி.டி. உஷா ஒரு விநாடியில் நூற்றிலொரு பங்கால் நாலாவதாக வந்தார், கணக்கில் பூஜ்யம். 2022 மாமல்லபுரம் செஸ் ஒலிம்பியாட்டில் நம் ஊர்ப் பையன் குகேஷுக்கு முதல் போர்டில் தங்கம், அவருடைய அணிக்கு வெண்கலம். அதே பாரிஸில், நாலே வாரம் கழித்து, பாராலிம்பிக்ஸில் 7 தங்கத்தோடு 29 பதக்கங்கள்; இந்தியா 18-ஆவது. 71, 18 இரண்டில் தேசம் எது? இதைக் கேட்கிற நானே, 18 என்று படித்த அன்று காலை சந்தோஷப்பட்டேன் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

தங்கம் வாங்கியவனும் நம் பிள்ளைதான் என்று நீரஜின் தாயார் சொன்னதாகப் பத்திரிகைகளில் வந்தது. பெருந்தன்மை என்று எல்லோரும் பாராட்டினார்கள். எனக்கு அது துல்லியம் என்று படுகிறது. யார் அதிக தூரம் எறிந்தது என்பதில் அந்த அம்மாளுக்குக் குழப்பமில்லை. ஒருவன் எறிந்த தூரம் இன்னொருவனிடமிருந்து கழிக்கப்பட்டதல்ல என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கிறது.

ஆகவே தரம் பார்ப்பதே தவறு என்று நான் வாதிடவில்லை. விமர்சனம் எழுதுகிறவன் அப்படிச் சொன்னால் அது பொய். பட்டியல் போடுகிறவர் என்று க.நா.சு.வைக் கேலி செய்தவர்கள் உண்டு. நான் அவர் பக்கம். அவர் சொன்ன பெயர்களைத் தேடிப் படித்துவிட்டு அவரோடு சண்டைக்குப் போக முடிந்தது. படித்தவன் போட்ட வரிசை, பிறரையும் படிக்கச் சொன்னது. பார்க்காமலே தீர்ப்பை வைத்துக்கொள்ள உதவுகிற வரிசை வேறு ஜாதி. ‘கீழே போயிட்டோமே’ என்றவர் ஈட்டி எறிந்ததைப் பார்க்கவில்லை.

இதில் எனக்கும் பங்கு உண்டு. போன வருஷம் தி. நகரில் ஒரு மொட்டைமாடிக் கூட்டத்தில், இன்றைய கவிஞர்களில் முக்கியமானவர்கள் என்று பத்துப் பெயர்களை வரிசையாகச் சொன்னேன். அடையாறிலிருந்து வந்திருந்த நண்பர் ஒருவரின் பெயர் அதில் இல்லை. திரும்பும்போது பஸ் ஸ்டாப்பில் அவர் கோபமில்லாமல் கேட்டார்: “பதினோராவதா இருந்தாக்கூடப் பரவாயில்லை. படிச்சியா?”

பாதிதான் படித்திருந்தேன். ஆனால் தலையை ஆட்டினேன்.

அந்தத் தொகுப்பை இப்போது முழுக்கப் படித்துவிட்டேன். அவர் என் பத்தில் வருவாரா என்று கேட்டால், மாட்டார் என்றே இன்றும் சொல்வேன். ஆனால் அன்று அதைச் சொல்லும் உரிமை எனக்கு இருக்கவில்லை. அவரிடம் இதை இன்னும் சொல்லவில்லை.